முழங்கையில் நின்றவன்

எஃப்ராயின் யாருடைய ஆட்டத்தையும் திருடியவன் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லியிருக்க வேண்டிய அன்றைக்கு என் வாயில் கொழுக்கட்டை இருந்தது.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் எங்கள் குடியிருப்பின் கொதிகலன் அறையில், ஒரு பனிக்காலம் முழுக்க அவன் மாய்ந்து மாய்ந்து பழகியது அந்த முழங்கை ஆட்டம். தோளை ஊன்றிப் பம்பரமாய்ச் சுற்றி, சட்டென்று ஒற்றை முழங்கையில் தலைகீழாய் நிற்பான். தரையில் விரித்த அட்டையெல்லாம் ரத்தக்கறை. அவன் காலைப் பிடித்துக்கொண்டு கூட நின்றவள் நான் மட்டும்தான்.

வசந்தத்தில் டவுன்டவுன் கிளப் ஒன்றில் ஆடக் கூப்பிட்டார்கள். அங்கே ஆடிக்கொண்டிருந்த ஒருத்தன், "இன்னொரு தடவை காட்டேன்" என்று நான்கு முறை கேட்டான். இந்த மடையனும் பல்லைக் காட்டிக்கொண்டு செய்து காட்டினான். மூன்றே மாதத்தில் ஷூ விளம்பரத்தில், டிவியில், முழங்கையில் நிற்கிறான் அந்தப் பாவி!

எங்கள் பிரேக் டான்ஸ் குழுவுக்குப் பாரிஸில் ஆட அழைப்பு வந்திருந்தது. மிச்சமிருந்தது ஒரே இடம். அது எஃப்ராயினுக்கா எனக்கா என்று பூங்காவில் எல்லார் முன்னாலும் ஆடிப் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னான் தலைவன் ரெய்னால்டோ.

நான் ஆடி முடித்தேன். எஃப்ராயின் சுற்றி, நின்றான்.

"ஐய, இது டிவில வந்ததுடா! கடிச்சுட்டான்!" என்று ஒருத்தி கத்தினாள்.

அடுத்தவன் ஆட்டத்தைத் திருடுவதைத்தான் நாங்கள் 'கடிப்பது' என்போம்; எங்களிடம் இதைவிடக் கேவலமான வசவு கிடையாது. சுற்றி நின்றவர்களெல்லாம் கைகளை முதலை வாய் மாதிரி திறந்து மூடிக் காட்டினார்கள்.

"டேய், என்னோடதுடா இது! நோயெலியாவக் கேளுங்கடா!"

ரெய்னால்டோ என் பக்கம் திரும்பினான். "சொல்லு. இவனோடதா?"

"எனக்கென்ன தெரியும்? நானும் டிவிலதான் பாத்தேன்."

எஃப்ராயின் சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போய் அழுதேன்.

"விடுடி. நீ சொல்லியிருந்தா மட்டும் எவன் நம்பியிருப்பான்?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் ஆடவே இல்லை.

பாரிஸில் முதல் நாளே, அந்த விளம்பரத்தில் வருகிற ஆட்டம்தான் வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் குழுவில், அவன் காலைப் பிடித்துப் பிடித்தே கற்றுக்கொண்ட எனக்கு மட்டும்தான் அது வரும். ஆடினேன். முழங்கையில் நின்றபோது அரங்கம் எழுந்து கை தட்டியது.

சீ, என்ன ஜென்மம் நான்! அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.