முதலாளியின் வலது பூட்ஸ்

மானுட வரலாற்றைக் காலணிக்கு முன், காலணிக்குப் பின் என்று இரண்டாகப் பிரிக்கப்போகும் அறிவிப்பு ஒன்று வியாழக்கிழமை காலை தொழிற்சாலையின் கேன்டீன் பலகையில் ஒட்டப்பட்டது. வரும் சனிக்கிழமை, நமது நிர்வாக இயக்குநர் அவர்கள், நமது புதிய மலையேறும் பூட்ஸை அணிந்து, ஊருக்கு வெளியே இருக்கும் வெறும் பாறை மலையின் உச்சியில் நிமிர்ந்து நின்று, உலகுக்கு ஒரு செய்தி சொல்வார். என்ன செய்தி என்று போடவில்லை. கீழே, தட்டு கழுவாமல் வைப்பவர்களுக்கு எச்சரிக்கை.

இந்த வீரத்துக்குக் காரணம் ஒரு கையெழுத்து. இரண்டாயிரம் ஜோடி பூட்ஸ் பெட்டியில் ஏறிவிட்டது. ஆனால் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடாமல் ஒரு ஜோடிகூட கேட்டைத் தாண்டாது. அவரைத் தொழிலாளர்கள் 'ரிட்டர்ன்' என்று கூப்பிடுவார்கள். பதின்மூன்று வருடங்களில் அவர் திருப்பி அனுப்பிய செருப்புகளை வரிசையாக வைத்தால் ஒரு ஊரே நடந்துபோகலாம், பாதி வழியில் வார் அறுந்துவிடும் என்பது வேறு விஷயம்.

"பசை ஒட்டி ஒரு நாள் முழுக்க ஆறணும் சார். ரெண்டு மணி நேரத்துல பெட்டியில போட்டுட்டாங்க. சூடு பட்டா சோல் கழண்டுரும்" என்றார் ரிட்டர்ன்.

முதலாளி மேசையைத் தட்டினார். "உனக்கு எல்லாத்துலயும் ஓட்டைதான்யா தெரியும். நானே போட்டுக்கிட்டு ஏறிக் காட்டுறேன். நீயும் வா. உச்சியில நான் நிக்கிறேன், நீ கையெழுத்துப் போடுற. திங்கட்கிழமையிலேர்ந்து ஷூவுக்குள்ள காகிதம் திணிக்கிற பிரிவுக்குப் போயிடுற. உன் மேசைக்கு வேற ஆள்."

"சோல் கழண்டா?"

"கழண்டாப் பார்த்துக்கலாம்."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. முதலாளி தொப்பிக்குப் பொருத்தமான கண்ணாடி தேடியதில் மணி பத்தாகிவிட்டது. பாறை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. புகைப்படக்காரராக வந்தவர் முதலாளியின் மச்சினன். அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து ஏதாவது ஒரு வேலையில் இருந்துகொண்டே இருப்பவர். பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு குரங்குபோல் முன்னால் தாவிப்போய் உச்சியில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசி நூறு அடிதான் சிக்கல். கூரை முகடு மாதிரி ஒடுங்கிய பாறை. இரண்டு பக்கமும் சறுக்கி, கீழே போய், எங்கே முடிகிறது என்று சொல்லாமலே முடிந்தது. பிடிக்க ஒரு புல்கூட இல்லை.

"பின்னாடியே வா" என்றார் முதலாளி. "என் சோலைப் பார்த்துக்கிட்டே வா. ஒரு மயிரிழை பிரிஞ்சாலும் சொல்லு, பார்ப்போம்."

ரிட்டர்ன் தன் பழைய கான்வாஸ் ஷூவில், முதலாளியின் குதிகாலுக்கு ஒரு சாண் கீழே முகத்தை வைத்துக்கொண்டு ஏறினார். பதின்மூன்று வருட அனுபவத்தில் இவ்வளவு பக்கத்தில் பரிசோதித்ததில்லை.

"சார், வலது கால் முனை வாயைத் திறக்குது."

"நீ வாயை மூடு."

"இன்னும் நல்லாத் திறக்குது சார். நாக்கு தெரியுது."

"பொறாமைய்யா உனக்கு!"

பேசாமல் இருந்திருந்தால் ரிட்டர்னின் மேசை பிழைத்திருக்கும், வேறொரு உயிர் போயிருக்கும். அவரால் முடியவில்லை. "காலை அழுத்தாதீங்க சார்!" என்று கத்தினார். யாராவது ஒன்று செய்யாதே என்று சொன்னால் அதை உடனே செய்துதான் முதலாளி முதலாளியானார். அழுத்தினார்.

சோல் மட்டும் தனியே கிளம்பி, பாறையில் ஒய்யாரமாகச் சறுக்கி, ஒரு துள்ளு துள்ளி, கண்ணுக்கு மறைந்தது. அது விழுந்த சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் முதலாளி பல்லிபோல் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் நிறுவனத்தில் அன்றைக்குச் சரியாக ஒட்டியது அது ஒன்றுதான்.

"அத்தான், இந்தப் பக்கம் பார்த்து சிரிங்க!" என்றார் மச்சினன் மேலிருந்து.

"மாப்ள... நான் கீழ வந்ததும் உன்னைக் கொல்லப்போறேன்."

"அது சரி அத்தான், முகத்தை மட்டும் கொஞ்சம் தூக்குங்க."

ரிட்டர்ன் ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இரண்டு பூட்ஸின் நாடாவையும் அவிழ்த்தார். கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பிறகு முதலாளியின் வெறும் பாதத்தைக் கையில் பிடித்து, இங்கே வையுங்கள், இப்போது இங்கே என்று ஒவ்வொரு விரிசலாக வைத்துவிட்டார். திரும்புவதைவிட ஏறுவது பக்கம். பாதம் சுடச்சுட, "ஐயோ அம்மா" என்று அடிக்கொரு தரம் உலகுக்குச் செய்தி சொல்லிக்கொண்டே, நிர்வாக இயக்குநர் நான்கு காலில் சிகரத்தை அடைந்தார். அடைந்து அதைக் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொண்டார்.

கால் மணி நேரம் கழித்து முகத்தை மட்டும் தூக்கினார். "வெறுங்காலால தொட்டாத்தான் மாப்ள, மலையோட மனசு புரியும்."

"எந்திரிச்சு நில்லுங்க அத்தான், ஒரு படம்."

"போடா."

ரிட்டர்ன் சட்டைப்பையிலிருந்து நிராகரிப்புச் சீட்டை எடுத்தார். முழங்காலில் வைத்து நிரப்பினார். இடது: பரவாயில்லை. வலது: சோல் காணவில்லை.

"சார், இதுல உங்க கையெழுத்தும் வேணும். போட்டுப் பார்த்தவர்ங்கிற இடத்துல."

"இங்கயா? என்னை மொதல்ல கீழ இறக்குய்யா. அப்புறம் பேசிக்கலாம்."

"அவசரமே இல்லை சார். ஆபீஸ்ல போய்க்கூடப் போடலாம். நான் முன்னாடி போறேன், நீங்க உங்க மச்சினனோட மெதுவா வாங்க."

முதலாளி மச்சினனைப் பார்த்தார். அவர் ஒற்றைக் காலில் நின்று, செருப்பில் சிக்கிய கல்லை உதறிக்கொண்டிருந்தார். ரிட்டர்ன் ஓர் அடி இறங்கினார்.

"பேனா எங்கய்யா?" என்றார் முதலாளி.

திங்கட்கிழமை இரண்டாயிரம் பெட்டியும் பிரிக்கப்பட்டன. சோல்களைப் பிய்த்து, சுரண்டி, புதுப் பசை தடவி, ஒரு நாள் முழுக்க ஆறவைத்தார்கள். ரிட்டர்ன் தன் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தார்.

விளம்பரப் படத்தைத் தொழிற்சாலை மாடியில், முதலாளியைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் நிற்கவைத்து எடுத்தார்கள். ஏணியை இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொண்டார்.