நன்றி சொல்றாங்க

அக்காவின் பணி ஓய்வுக் கூட்டம் தொடங்கியதும் மடிக்கணினியைத் திறந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். அட்டைப்பெட்டி வெட்டும் மிஷினின் இரைச்சல் அவள் காதைத் தின்றுவிட்ட நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. மற்றவர்கள் பேசுவதை நான் தட்டுவேன், அவள் படிப்பாள்.

இங்கிலீஷ் எழுத்தில் தட்டித் தமிழாக்கும் பழைய முறையில் எப்போதும் இரண்டு வாக்கியம் பின்தங்கிவிடுவேன். இந்தக் கூட்டத்துக்காகவே மூன்று வாரம் முன்பு தமிழ் 99 விசைப்பலகை முறைக்கு மாறினேன். உயிரெழுத்து இடக்கையில், மெய்யெழுத்து வலக்கையில். "பேசறவங்க வாயை மூடறதுக்குள்ள திரையில வந்துடும்" என்று அவளுக்குத் தட்டிக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

"வேகமா நடக்கணும்னு காலைக் கழட்டி மாத்தி மாட்டிக்கிறவ நீ ஒருத்திதான்டி" என்றாள்.

வீட்டில் பத்திரிகையைப் பார்த்துத் தட்டியபோது ஓடிய விரல்கள், இங்கே பழைய இடத்துக்கே போய் விழுந்தன. அழித்தேன், தட்டினேன், மறுபடி அழித்தேன். கூடம் சிரித்தபோது திரையில் அரைச்சொல்தான் இருந்தது. எல்லோரும் ஓய்ந்த பிறகு அக்கா தனியாகச் சிரித்தாள்.

ஒரு விசையை அழுத்தினால் பழைய முறைக்குத் திரும்பியிருக்கலாம். அவள் கண்ணில் பட்டுவிடுமே என்று அழுத்தவில்லை. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. "பாராட்டுறார்", "வாழ்த்துறார்" என்று ஒப்பேற்றினேன்.

கடைசியில் பசை ஒட்டுகிற பிரிவுக்காரி எழுந்தாள். அக்காவைப் பார்த்தே பேசினாள். "அன்னைக்குப் பெட்டி அளவை மாத்திப் போட்டது நான்தான்க்கா. பழி உங்க மேல விழுந்துச்சு, உங்க சூப்பர்வைசர் வேலையும் போச்சு. பயத்துல வாயைத் திறக்கல. பதினோரு வருஷமாச்சு. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் "அளவு" என்ற சொல்லிலேயே சிக்கிக் கிடந்தேன். கூடம் அக்காவைப் பார்த்தது, அக்கா திரையைப் பார்த்தாள். இருந்ததை அழித்துவிட்டு இரண்டே வார்த்தை தட்டினேன்: "நன்றி சொல்றாங்க."

அக்காவின் முகம் மலர்ந்தது. "அட, இதெல்லாம் ஒரு விஷயமா" என்றாள் சத்தமாக.

அந்தப் பெண் ஓடி வந்து அவள் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கூடமே கைதட்டியது. அக்கா அவள் முதுகைத் தடவியபடி என்னைப் பார்த்தாள். நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.

வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "நன்றி சொல்றதுக்கு எதுக்குடி அவ்ளோ அழுகை? எதையோ முழுங்கிட்ட நீ." மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் நகர்த்தினாள். "மெதுவாவே அடி. நான் எங்கயும் போகல."

மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். நான் விசையை அழுத்திப் பழைய முறைக்கு மாறினேன். இப்போது விரல்களுக்கு எல்லா இடமும் தெரிந்திருந்தது. வெள்ளைத் திரையின் மூலையில் அந்தச் சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.