கோல் போடாதவன்

அண்ணன் கையை நீட்டியபோது நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

காளியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கவுண்டர் மாதையன் மஞ்சள் கயிற்றை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பெயர் கூப்பிட்டார். கூப்பிட்ட வீட்டிலிருந்து ஓர் ஆண்பிள்ளை போய்க் கையை நீட்ட வேண்டும். காப்பு கட்டிக்கொண்டவன் திருவிழா முடிகிற வரைக்கும், எட்டு நாள், ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அப்பா செத்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டைக் கூப்பிட்டதில்லை. அம்மா இருந்தாள், நான் இருந்தேன். இரண்டு பேரும் கணக்கில் கிடையாது. இந்த மலைக்கிராமத்திலிருந்து இறங்கிப் போய் வேலூரில் பி.ஏ. முடித்துவிட்டு வந்த முதல் ஆள் நான். அதுவும் கணக்கில் கிடையாது. இந்தத் தடவை சின்னதம்பி அண்ணன் மெட்ராஸிலிருந்து வந்திருந்ததால், "பஞ்சாட்சரம் வூடு!" என்று அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கையை நீட்டிவிட்டான்.

அது சனிக்கிழமை. புதன்கிழமை மெட்ராஸில் அவனுக்கு இறுதிப் போட்டி.

அவன் ஒரு கம்பெனி அணியில் ஆடினான். கம்பெனி என்றால் பெரிய கம்பெனி. அவன் மட்டும் மூன்று வருஷமாகத் தற்காலிகம். அடிவாரத்து மிஷன் விடுதியில் வெறுங்காலில் பந்து உதைக்கப் பழகியவன், மெட்ராஸ் லீக்கில் நடுக்கள ஆட்டக்காரன் ஆனான். நடுக்களம் என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. ஒருமுறை போய்ப் பார்த்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. பின்னால் இருப்பவர்கள் பறித்த பந்தை வாங்குவான். காலடியில் வைத்துக்கொண்டு தலையைத் தூக்கி இடமும் வலமும் பார்ப்பான். யார் காலியாக நிற்கிறானோ அவனுக்குக் கொடுத்துவிடுவான். வாங்கினவன் கோல் போடுவான், கூட்டம் அவனைத் தூக்கும். மறுநாள் பேப்பரில் 'அடைக்கலம் இரண்டு கோல்' என்று வரும். அந்த இரண்டையும் கொண்டுபோய் அடைக்கலத்தின் காலில் வைத்தவன் பெயர் வராது. அடைக்கலத்துக்கு ஒரே வருஷத்தில் வேலை நிரந்தரமானது. அண்ணனுக்கு, "ஃபைனல்ல நல்லா ஆடு, பாக்கலாம்" என்றார்கள். அதைச் சொல்லத்தான் இரண்டு நாள் லீவு போட்டு மலையேறி வந்தான். அடுத்த மாதம் நடக்க வேண்டிய திருவிழா. மழையில்லாமல் சாமை காய்கிறது என்று முன்னால் இழுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனை இழுத்துக்கொண்டு மாதையன் வீட்டுக்குப் போனேன். புளியம்பழம் தட்டிக்கொண்டிருந்த நாலைந்து பேர் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"மாமா, கயித்த அவுத்துடுங்க. அண்ணன் போவணும்."

"சாமிக்குக் கட்னத நான் யாரும்மா அவுக்கறதுக்கு? தாண்டிப் போனான்னா ஊரு ஒங்க வூட்டத் தள்ளி வெச்சிடும். நாளைக்கி ஒங்கம்மா செத்தா தூக்கறதுக்கு ஆளு வராது, சொல்லிட்டேன்." அண்ணன் பக்கம் திரும்பினார். "ஏன்டா மாப்ள, மூணு வருசமா ஆடறியே, எத்தினி கோல் போட்ட?"

"கோல் போடறது நானில்லீங்க மாமா. நான் பந்து எடுத்துக் குடுக்கறவன்."

"குடுக்கறதுக்கா சம்பளம்? அப்போ ஒம் பந்த வேற எவனாச்சும் குடுத்துட்டுப் போறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். எனக்கு அவர்கள் சிரித்ததைவிட அவன் சிரித்ததுதான் பற்றிக்கொண்டு வந்தது.

"செரி மாமா, வூட்டுக்கு ஒரு கைதானே வேணும்? என் கையில கட்டுங்க. நான் இருக்கேன், அவன் போவட்டும்."

"பொம்பள கையி எப்படி ஆவும்?"

"ஏன், பொம்பள வெதச்ச சாமை ஆவுது இல்ல?"

"படிச்ச வாயி" என்றார் மாதையன். புளியைத் தட்டுகிற சத்தம் மறுபடி எழுந்தது. பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டில் அம்மா மாவிளக்குக்குத் தினை இடித்துக்கொண்டிருந்தாள். "நீதாம்மா போன்னு சொல்லணும். நீ சொன்னா போவான்" என்றேன். அவள் உலக்கையை நிறுத்தவில்லை. "ஒங்கப்பன் பேர எத்தினி வருசம் கழிச்சி கூப்ட்டாங்க தெரியுமாடி" என்றாள். அதற்குமேல் அவளிடம் என்ன கத்துவது?

திங்கள்கிழமை விடிந்ததும் போளூருக்குக் கிளம்பினேன். அண்ணன் வர மாட்டான் என்று மெட்ராஸுக்கு டெலிபோன் செய்ய வேண்டும். எனக்குக் காப்பு இல்லை, எங்கே வேண்டுமானாலும் போகலாம். கணக்கில் இல்லாததில் இருக்கிற ஒரே சௌகரியம்.

எல்லைக்கல் வரைக்கும் கூடவே வந்தான். நான் தாண்டினேன். அவன் கல்லுக்கு ஊர்ப் பக்கமே நின்றுகொண்டான்.

"செல்லி, எனக்கு பதிலா கண்ணாயிரத்த எறக்கச் சொல்லு. அடைக்கலம் எப்பவும் வலது தோள் பக்கமாத்தான் திரும்புவான், அவன் காலுக்குக் குடுக்காத, ரெண்டடி முன்னாடி குடுன்னு கண்ணாயிரத்துக்கிட்ட சொல்லச் சொல்லு. மறந்துடாத."

"அதையும் குடுத்துட்டியா? மூணு வருசமா நீ கண்டுபுடிச்சி வெச்சது அது ஒண்ணுதான். ஒனக்குன்னு ஒண்ணுகூட வெச்சிக்க மாட்டியாண்ணா?"

அவன் மணிக்கட்டிலிருந்த கயிற்றைத் திருகிக்கொண்டே நின்றான். "எங்கிட்ட இருந்து இன்னா ஆவப்போவுது?"

பாதையில் ஒரு விளாங்காய் விழுந்து கிடந்தது. அவனை அடிக்க வேண்டும் என்றுதான் அதை உதைத்தேன். செருப்பு ஒரு பக்கம் பறந்தது. காய் கல்லை ஒட்டி உருண்டு அவனிடம் போனது. அவன் யோசிக்கவேயில்லை. வெறுங்கால் தானாக எழுந்து, உள்ளங்காலுக்கடியில் அதை நிறுத்தியது. உடம்பு லேசாகத் தாழ்ந்தது. தலை நிமிர்ந்தது. இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். அவன் பின்னால் புகை எழும்பத் தொடங்கிய ஊர். முன்னால் நான் மட்டும்.

நான் சரிவில் பத்தடி ஓடிப்போய், காலியான இடத்தில் திரும்பி நின்றேன்.

"குடுண்ணா" என்று கத்தினேன். "முன்னாடி குடு. குடுத்துட்டு ஓடி வா."

கோயில் பக்கமிருந்து பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். அவன் என்னைப் பார்த்தபடியே நின்றான். காய் மெல்ல முன்னும் பின்னுமாக உருண்டுகொண்டிருந்தது, அவன் காலடியில்.