தொடக்கூடாத கால்

கொழும்பிலிருந்து வந்த பஸ் கல்முனையில் கடைசி ஆளையும் இறக்கிவிட்டு ஓரமாக நின்றபோது காலை ஆறரை மணி. சாரதி சரீப் ஆசனத்தை விட்டு இறங்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தார். இடது காலைத் தரையில் ஊன்றியதும் கெண்டைச் சதைக்குள் யாரோ கயிறு முறுக்குவதுபோல் இருந்தது. செருப்புப் பட்டி அந்தப் பாதத்தில் பள்ளம் விழ அழுந்தியிருந்தது. வலது செருப்பு எப்போதும்போலத் தளர்வாகத்தான் கிடந்தது.

கண்டக்டர் றிஷாட் பார்த்துச் சிரித்தான்.

"என்ன காக்கா, புது மாப்பிள நடையெல்லாம் வருகுது?"

"கிளச்ச மிதிச்சி மிதிச்சிப் பிடிச்சிட்டுடா."

"அப்ப என்ன, ஒங்கட எண்ணெ டொக்டர்ர கட்டில்ல போய்ப் படுங்க. ஓடிக்கிட்டு வருவீங்க."

சரீபும் சிரித்தார். எண்ணெய் டொக்டர் என்றது நிதர்சனை.

சரீபுக்கு நாற்பத்தொன்பது வயது. வாரத்தில் நான்கு ஓட்டம், ஒவ்வொன்றும் ஒன்பது பத்து மணித்தியாலம். இடையில் நிறுத்த வேண்டிவரும் என்பதற்காகத் தண்ணீர் குடிக்கமாட்டார். அதைத் தொழில் திறமை என்று சொல்லிக்கொள்வார். போன வருடம் அவருடைய கழுத்து இறுகிப்போனது. பக்கக் கண்ணாடியைப் பார்க்க முழு உடம்பையும் திருப்பவேண்டி வந்தது. பார்மசியில் வாங்கிய வலி மாத்திரை கழுத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்தது. அதன் பிறகுதான் நிதர்சனிடம் போனார்.

நிதர்சன் கல்முனைத் தமிழர். மூன்று வருடம் முறையாகப் படித்துவிட்டு வந்து இரண்டு கட்டிலும் ஒரு திரையும் உள்ள அறையில் வேலை பார்த்தார். வாசலில் 'உடல்வலிச் சிகிச்சை' என்று பலகை இருந்தது. மசாஜ் என்று எழுதினால் ஆட்கள் வேறு மாதிரி நினைப்பார்கள். எழுதாமலும் நினைத்தார்கள். சரீப் முதல் நாள் யாரும் அடையாளம் காணாதபடி ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே போனார்.

எட்டு வாரத்தில் கழுத்து திரும்பியது. மாத்திரை நின்றது. பகலில் நான்கு மணித்தியாலம் அசையாமல் தூங்கினார். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. இறுகிய தசையைப் படித்த கை தளர்த்தினால் இரத்தம் நன்றாக ஓடும், வலி குறையும், தூக்கம் வரும். வீட்டிலும் செய்யட்டும் என்று நிதர்சன் அவருடைய மனைவி ஸுல்பிகாவுக்குச் சிலவற்றைக் காட்டிக் கொடுத்தார். எண்ணெய் இளஞ்சூடாக இருக்கவேண்டும். கையோ காலோ, எப்போதும் இதயத்தின் பக்கமாகத்தான் நீவவேண்டும். ஸுல்பிகா சரியாகப் பிடித்துக்கொண்டாள். பிறகு பக்கத்து வீட்டுத் தோள்களும் அவளிடம் வந்தன. அவளுடைய கையில் பறக்கத்து, அல்லாஹ்வின் அருள், இருக்கிறது என்று தெருவில் பேச்சு.

அன்று நிதர்சன் சரீபைக் கட்டிலில் படுக்கச் சொல்லவில்லை. கதிரையில் இருத்தி, சாரத்தை முழங்கால்வரை உயர்த்தச் சொன்னார். நாடாவை எடுத்து இரண்டு கெண்டைகளையும் அளந்தார். புறங்கையை இடது காலில் வைத்து, பிறகு வலது காலில் வைத்தார். எண்ணெய்ப் போத்தல் பக்கம் திரும்பவே இல்லை.

"எத்தின நாளா இப்பிடி?"

"மூணு நாள் இரிக்கும்."

"நானா, நேர ஆசுபத்திரிக்குப் போங்க. இப்பவே போங்க."

"பிடிப்புக்கு ஆசுபத்திரியா? ரெண்டு இழுப்பு இழுத்து விடுங்க தம்பி."

"இது பிடிப்பு மாதிரித் தெரியல்ல. ஒரு கால் மட்டும் வீங்கி, சுடுகுது. ரத்தக் குழாய்க்குள்ள ரத்தம் கட்டியிரிக்கலாம். அமத்தினா அது கழண்டு மேல போயிரும். ஸ்கேன் பண்ணித்தான் பாக்கணும்."

"வார்டுல போட்டுருவானுகள். நாளைக்கு ஓட்டம் இரிக்கி."

"ஓட்டம் கிடக்கட்டும். நான் கை வைக்க மாட்டன் நானா."

கடைசிச் சொல் சரீபுக்கு உறைத்தது. ஒரு வருடமாகத் தொட்ட ஆள் இன்றைக்குத் தொடமாட்டேன் என்கிறார். வெளியே காத்திருந்த மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி, "பயந்திட்டீங்க தம்பி. பறவாயில்ல, ஊட்ட ஆள் இரிக்கி" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே வெளியேறினார். நிதர்சனிடம் ஸுல்பிகாவின் தொலைபேசி இலக்கம் இருந்தது. எடுத்து அவளுக்கும் சொல்லவேண்டும் என்று நினைத்தார். அதற்குள் அடுத்தவர் கட்டிலில் படுத்துவிட்டார். பிறகு அவளுக்கு அழைக்கவே இல்லை.

வீட்டில் சரீப் இதைப் பகிடியாகத்தான் சொன்னார்.

"நிதர்சன் தம்பிக்கு இந்தக் கால்ல கை வைக்கப் பயமாம் புள்ள. ஆசுபத்திரிக்குப் போகட்டாம்."

"ஏனாம்?"

"ரத்தம் கட்டியிரிக்காம். கட்டினாக் கரைக்கிறதுதானே? நீ எண்ணெயச் சுட வை."

ஸுல்பிகா காலைத் தொட்டுப் பார்த்தாள். தோல் பளபளத்தது.

"அவர் படிச்ச ஆள். ஒண்டும் இல்லாமச் சொல்ல மாட்டார். வாங்களேன், ஒருக்காப் போய்க் காட்டிட்டு வருவம்."

"ஒனக்கும் ஏலாட்டிச் சொல்லு. நான் வேற பொண்டாட்டி பாக்கிறன்."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்தது. எண்ணெய் அடுப்பில் ஏறியது.

கிளச்சை மிதிக்க முடியாததால் சரீப் தன் ஓட்டங்களை வேறொரு சாரதிக்குக் கொடுத்துவிட்டு மூன்று நாள் வீட்டில் படுத்திருந்தார். ஸுல்பிகா காலையிலும் மாலையிலும் நீவினாள். அவள் அவசரப்படவில்லை, தவறான திசையில் இழுக்கவில்லை. கற்றுக்கொண்டபடியே கணுக்காலில் தொடங்கி முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து தொடைக்கு, இதயத்தின் பக்கமாக. விரல்களுக்கு அடியில் ஓரிடம் கடினமாகத் தட்டுப்பட்டது. அதைப் பிடிப்பின் முடிச்சு என்று நினைத்தாள். அந்த இடத்தில் பெருவிரலை வைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். சரீப் பல்லைக் கடித்தார். நோகும்போதுதான் நோய் இளகுகிறது என்று இருவரும் நம்பினார்கள்.

மூன்றாம் நாள் அந்த முடிச்சு சிறுத்துவிட்டதுபோல அவளுக்குத் தெரிந்தது. அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள்.

அன்று வெள்ளிக்கிழமை. பதினொன்றரைக்கு சரீப் ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்க எழுந்தார். கிணற்றடிவரை நடந்தார். வாளியைத் தூக்கியவர் திரும்பக் கீழே வைத்தார்.

"புள்ள, மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்கு."

"என்ன? என்ன செய்யிது?"

அவர் நெஞ்சைப் பிடித்தபடி கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்தார். உதடு நீலமாகியது. அவள் ஓடிவந்து முதலில் செய்தது அவருடைய நெஞ்சை நீவியதுதான். பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏற்றினார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது ஓட்டோ ஆசுபத்திரி வாசலில் நின்றது. அதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

அங்கே இருந்த டொக்டர் இரண்டு கால்களையும் பார்த்தார். காலில் கட்டிய இரத்தம் கழன்று நுரையீரலில் போய் அடைத்திருக்கிறது என்றார். பிறகு கேட்டார்.

"இந்தக் கால யாராவது நீவினீங்களா?"

ஸுல்பிகா தன் கைகளை முந்தானைக்குள் மறைத்தாள். அவளுடைய தம்பி இன்ஸாப்தான் பதில் சொன்னான். "ஓம் டொக்டர். மசாஜ் ஒண்டுக்குப் போறவர்."

"தானாகவும் கழலலாம். ஆனா அமத்தினா ஆபத்துக் கூட. நேரத்தோட வந்திருந்தா ஊசியும் குளிசையும் தந்து காப்பாத்த ஏலுமா இருந்திருக்கும்" என்றார் டொக்டர்.

மறுநாள் காலை வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரைகள் நிறைந்திருந்தன. ஸுல்பிகா வெள்ளை உடுத்து, கணவனை இழந்தவள் தனித்து இத்தா இருக்கும் அறையில் திரைக்குப் பின்னால் இருந்தாள். பக்கத்து வீட்டு றுக்ஸானா அவளுடைய கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அழாதீங்க ராத்தா. கடைசி மட்டும் ஒங்கட கையாலதானே அவருக்குப் பார்த்தீங்க? எத்தின பேருக்கு இது கிடைக்கும்?"

ஸுல்பிகா கையை இழுத்துக்கொண்டாள்.

வாசலில் குரல்கள் உயர்ந்தன. எண்ணெய்க்காரன் கொன்றுவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். அவனுடைய கடையை இன்னும் பூட்டவில்லையா என்று இன்னொருவர் கேட்டார். அது அவன் தவறிச் செய்ததா, இவர் எங்கட ஆள், முஸ்லிம் என்றுதான் செய்தானா என்று மூன்றாவது குரல் கேட்டது.

இன்ஸாப் திரைக்கு அருகே வந்தான். கையில் போன்.

"ராத்தா, பேஸ்புக்குக்கு ஒரு விழிப்புணர்வுப் பதிவு எழுதியிரிக்கன். கேளுங்க. 'போலி மசாஜ்காரனின் தவறான சிகிச்சையால் எங்கள் மச்சான் வபாத்தானார். இவனிடம் போகாதீர்கள். அனைவருக்கும் பகிரவும்.' அவன்ட படமும் இரிக்கி. போடட்டா?"

"போடாத."

"ஏன்? அவன் செய்ததுக்கு..."

"அவன் செய்யல்ல. அவன் தொடவே மாட்டன் எண்டு சொன்னவன். ஆசுபத்திரிக்குப் போகச் சொன்னவன். நீவினது நான்."

இன்ஸாப் திரையை விலக்கி உள்ளே வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"ராத்தா, வாய மூடுங்க. வெளியால கேக்கும். ஆக்கள் ஒங்களத்தான் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

"இத்தாவில இரிக்கிற பொம்புள சத்தம் வைக்கப்படாது" என்று றுக்ஸானா அவளுடைய தோளை அழுத்தினாள். "அல்லாஹ்ட நாட்டம் ராத்தா. முடிஞ்சிட்டு. விடுங்க."

ஸுல்பிகா எழுந்து நின்றாள். இப்போது அவளுடைய குரல் வாசல்வரை போனது.

"மவுத்து நாட்டம்தான். ஆசுபத்திரிக்குப் போகாம இருந்தது எங்கட மடத்தனம். ரெண்டையும் ஒண்டாக்காதீங்க. அதே நிதர்சன்தான் அவர்ர கழுத்தச் சுகமாக்கின. மசாஜில பிழை இல்ல. தெரிஞ்ச கை எங்க நிக்கணும் எண்டும் தெரிஞ்சி வச்சிரிக்கி. நான் எப்பிடி நீவுறதெண்டு மட்டும் பழகினன். எப்ப நீவப்படாதெண்டு பழகல்ல. சொன்ன நேரம் காதிலயும் எடுக்கல்ல."

வாசலில் ஒரு கதிரை நகர்ந்த சத்தம் கேட்டது.

"அவன்ட படத்த அழி" என்றாள் தம்பியிடம். "நான் சொல்றன், நீ எழுது. ஒரு கால் மட்டும் வீங்கி, சுட்டு, நோகுதெண்டா எண்ணெய் தொடாதீங்க. ஆரும் அமத்தாதீங்க. அண்டைக்கே ஆசுபத்திரிக்குப் போங்க. கனநேரம் இருந்து வேல செய்யிறவங்க, புள்ள பெத்த பொம்புளைகள், ஒப்பரேசன் செஞ்சவங்க கூடக் கவனம். எழுதிட்டியா?"

"ஓம்."

"மச்சான் இதாலதான் மவுத்தாகினார், அவர்ர பொஞ்சாதிதான் நீவினாள் எண்டும் எழுது. பேரோட எழுது. பேர் இல்லாட்டி ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

இன்ஸாபின் பெருவிரல் போனின் மேல் நின்றது. அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு எழுதினான்.

"இப்ப வெளியால போய்," என்றாள் ஸுல்பிகா, "எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசி."