முகத்தைப் பார்த்துக் கொடுங்கள்

பிள்ளையை நீட்டும்போதே நல்லம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருட்டில் கை தவறியது. வீரம்மா பாய்ந்து பிடித்திராவிட்டால், ஒன்றரை வயசுச் சீனி ஆயாக் கொட்டகையின் கல்படியில் தலைகுப்புற விழுந்திருப்பான்.

"பாத்துக் குடு தங்கச்சி!"

"பெரட்டுக்கு நேரமாச்சுக்கா," என்றாள் நல்லம்மாள், எதிரே நின்ற பால்மரத்தைப் பார்த்தபடி.

பின்னால் நின்ற பெண்களும் அப்படித்தான். ஒருத்தி முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டாள். இன்னொருத்தி முதுகைக் காட்டி, தோளுக்கு மேலாகப் பிள்ளையைக் கொடுத்தாள். விடிகாலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன், கோப்பெங் பக்கத்து அந்த ரப்பர்த் தோட்டத்தில் தினமும் நடக்கும் கூத்து இது. தாலி அறுத்தவள் முகத்தில் விழித்துவிட்டுப் போனால் மரத்தில் பால் இறங்காதாம்.

இரண்டு வருஷத்துக்கு முன் வீரம்மாவின் புருஷன் இராமசாமி குளிர்காய்ச்சலில் செத்தான். அவள் பக்கத்து மர நிரையில் பால் வெட்ட மாட்டோம் என்று பெண்கள் முரண்டு பிடித்தார்கள். கங்காணி ஐயாவு, வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவளைக் கொட்டகைக்கு மாற்றினார். மரத்தின் பாலை வற்றவைக்கும் முகம் பால்குடிப் பிள்ளைகளுக்குப் போதும் என்று தோட்டமே முடிவு செய்தது. அதிலிருந்த அசிங்கம் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

மறுமாதம் அவளுடைய எட்டு மாதக் குழந்தைக்குப் பேதி கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் செபாஸ்டியன் உதட்டைப் பிதுக்கினார். "ஆத்துத் தண்ணிய அப்படியேவா குடுத்தே? காய்ச்சிக் குடுத்திருந்தா பொழைச்சிருக்கும்மா."

ஊருக்குக் கப்பல் ஏற்றிவிடுகிறோம் என்றார்கள். அவள் போகவில்லை. டிரெசரின் வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. அந்த முள்ளோடுதான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் சண்டை போட்டு ஓர் அண்டாவும் விறகும் வாங்கினாள். காய்ச்சாத தண்ணீர் ஒரு சொட்டுகூடப் பிள்ளைகள் வாயில் படவிடவில்லை. அவள் வருவதற்கு முந்திய வருஷம், கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஏழு சின்னக் குழிகள் வெட்டினார்கள். போன வருஷம் இரண்டு. இந்த வருஷம் ஒன்றுகூட இல்லை. வெட்டப்படாத அந்தக் குழிகளுக்காகத்தான் அவள் தினமும் எழுந்தாள்.

மழைக்காலத்தில் சீனிக்குப் பேதி வந்தபோது, மூன்று நாள் மடியிலேயே கிடத்திச் சங்கு சங்காகக் கஞ்சித் தண்ணீர் புகட்டியவளும் அவள்தான்.

அன்று சாயங்காலம் நல்லம்மாள் தனியாக வந்தாள். "ஞாயித்துக்கிழமை சீனிக்குக் காதுகுத்துக்கா. கோயில்ல."

"நல்லா நடத்து."

"நீ... வராதக்கா. நல்ல காரியம் பாரு. கங்காணி சொல்லிட்டாரு. சக்கரைப் பொங்கல் குடுத்து விடுறேன்."

பிழிந்துகொண்டிருந்த துணி வீரம்மாவின் கையில் முறுகியது. "அவன் பேதியில கெடந்தப்ப மட்டும் கங்காணி என்னை வராதன்னு சொல்லலியா?"

நல்லம்மாள் குனிந்த தலையோடு திரும்பி நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மேளம் கேட்டது. ஊசி இறங்கியதும் சீனி அலறினான். "ஆயா... ஆயா..." லயம் முழுக்கக் கேட்டது. வீரம்மா எழுந்து வாசல்வரை போனாள். பிள்ளை அழுது ஓயும்வரை நிலையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. பிறகு பொங்கல் வந்தது. அதை அப்படியே கோழிகளுக்கு வைத்தாள்.

மறுநாள் விடிகாலை அவள் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள். கையிலிருந்த லாந்தரைத் தன் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"என்னக்கா இது? வெளக்கத் தாழ்த்து!"

"என் முகத்தப் பாத்துக் குடுங்க. இல்லாட்டி முதுகுல கட்டிக்கிட்டு மரத்தடிக்குக் கொண்டு போங்க."

கங்காணி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "என்னா புள்ள, கொழுப்பா? அடுத்த கப்பல்ல ஏத்திருவேன்லா!"

"ஏத்துங்க கங்காணியாரே. பதினெட்டுப் புள்ளைங்க. அண்டா அங்க இருக்கு, பீத்துணி இங்க இருக்கு. நீங்க பாத்துக்குறீங்களா?"

"மீசையப் புடிச்சே தொங்கிருவானுங்க!" என்றாள் இருட்டுக்குள்ளிருந்து ஒருத்தி. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பெரட்டு மணி அடித்தது. ஒருத்தியும் அசையவில்லை. வீங்கிச் சிவந்த காதுகளோடு சீனி, தாயின் இடுப்பிலிருந்து வெளிச்சத்தை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினான். நல்லம்மாள் தலையை நிமிர்த்தினாள்.

அந்த முகத்தை அவள் நேராகப் பார்த்து இரண்டு வருஷமாகியிருந்தது. இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. தூக்கம் கெட்ட கண்கள். தன்னைவிட இரண்டு வயசுகூட மூப்பு இருக்காது.

"இந்தாக்கா," என்றாள். "புடி."

அடுத்தவள் வந்தாள். பார்த்தாள். கொடுத்தாள். அதற்கடுத்தவளும்.

அன்று மரங்களில் பால் எப்போதும்போல இறங்கியது. குளிர்ந்த காலை, அதனால்தான் என்றார் கங்காணி. மறுநாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் விடிகாலையிலேயே புழுக்கம் ஆளைக் கொன்றது. அன்றும் பால் இறங்கியது. கொட்டகையைத் தாண்டும்போது கங்காணி முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார்.