எட்டாவது படியில் வந்த குரல்

தெருவில் அவளுக்குப் 'பாதி விலை அக்கா' என்று பெயர். கடைக்காரர் விலை சொன்னதும் உதட்டைப் பிதுக்குவாள், பாதிக்குக் கேட்பாள், மசியாவிட்டால் நடையைக் கட்டுவாள். திரும்பிப் பார்க்கக் கூடாது, அதுதான் சூட்சுமம். எட்டு அடி வைப்பதற்குள் எப்பேர்ப்பட்ட கொம்பனும் கூப்பிட்டுவிடுவான்.

அந்தத் தையல் மெஷினையும் அப்படித்தான் வாங்கினாள். மூன்றாவது மாடியில் ஒரு தையல்காரி அவசரமாக விற்கிறாள் என்று கேள்விப்பட்டு, சுமை தூக்குபவரையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். பாதி விலைக்கே பேரம் முடிந்தது. தையல்காரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: ஒரு நாள் மெஷின் இங்கேயே இருக்கட்டும், கொஞ்சம் வேலை பாக்கி. அக்காவிடமா இந்தப் பாச்சா பலிக்கும்? நாளைக்குள் வேறு யாராவது கூடக் கொடுத்துத் தட்டிக்கொண்டு போய்விட்டால்? இப்போதே தூக்கினால்தான் ஆச்சு என்று படியிறங்கினாள். எட்டாவது படியில் குரல் வந்தது.

"அக்கா, நில்லுங்க. இப்பவே எடுத்துக்கோங்க."

அவள் அவசரப்படுத்தியதில் சுமைக்காரர் அப்படியே மூடியைப் போட்டுத் தூக்கிவிட்டார். வீட்டில் திறந்து பார்த்தால், ஊசிக்கடியில் ஒரு சின்னச் சட்டை. ஒரு கைதான் தைத்திருந்தது. அந்தப் பக்கம் போகும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று நான்கு நாள் போட்டு வைத்தாள்.

ஐந்தாம் நாள் போனபோது கதவில் பூட்டு. தையல்காரி எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரிதான் நடந்ததைச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றப்ப புதுச் சட்டைதான் போடுவேன்னு அவ பையன் சொல்லிட்டு இருந்தானாம். நீங்க மெஷினை எடுத்துட்டுப் போன மறுநாளே கொண்டுவந்துட்டாங்க, உயிர் இல்லாம. பழைய சட்டையிலதான் அனுப்பி வெச்சோம்."

அதிலிருந்து எந்த மாடிப்படியில் இறங்கினாலும் எட்டாவது படியில் அந்தக் குரல். அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அதே பணிவுதான் இருந்தது. பேரம் பேசுவதை விட்டுவிட்டாள். சொன்ன விலையைக் கொடுத்ததில் காய்கறிக்காரர் மிரண்டுபோனதாக வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மத்தியானம், இன்னொரு கையையும் தானே தைத்து எடுத்துக்கொண்டு அந்த மூன்றாவது மாடிக்கு ஏறினாள். பூட்டு அப்படியே இருந்தது. சட்டையைத் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டு இறங்கினாள். எட்டாவது படியில் கால் நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கூப்பிடுவதற்கு முன்பே திரும்பினாள்.

"ஒரு நாள் என்னம்மா, எத்தனை நாள் வேணும்னாலும் வெச்சுக்கோ."

மேலே ஒருவரும் இல்லை. குரல் மட்டும் வந்தது.

"பரவால்லக்கா. இப்பவே எடுத்துக்கோங்க."