பிரெக்கி பக்கத்தில் பதினோரு கட்டைகள்

அன்று வேலியோரம் இருந்தவர்கள் இவர்கள்: ஆர்டிஸ் ட்வேட்டன், அவள் தம்பி வெர்லின், வெர்லினின் மனைவி லவோன், மர அறுப்பு இயந்திரத்தோடு உதவிக்கு வந்திருந்த டெல்மர் ஓப்சால், வேலிக்கு அந்தப்புறத்து வீட்டுக்காரி கோர்லிஸ் பிரெக்கி. கோர்லிஸின் பூனையையும் கணக்கில் சேர்க்கலாம். பிறகு தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லிக்கொண்ட யாரும் நிற்கவில்லை.

நவம்பர் முதல் சனிக்கிழமை, காலை பத்து மணி. ஓக் மரங்கள் மொட்டையாகிவிட்டன. மேப்பிளில் ஓர் இலை இல்லை. அந்தச் சாம்பல் நிறக் காட்டுக்குள் ஹனிசக்கிள் புதர் மட்டும் பச்சையாக நிற்கும். விஸ்கான்சினில் அந்தப் புதரை வெட்டுகிறவர்கள் இந்த இரண்டு வாரத்துக்காகத்தான் காத்திருப்பார்கள். எங்கே ஒளிந்திருந்தாலும் அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துக்கொள்ளும் காலம் அது.

அதை அந்தப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தவர் ஆர்டிஸின் அப்பா. காற்றுக்குத் தடுப்பாக வைக்கச் சொல்லி மாவட்ட அலுவலகமே இலவசமாகக் கொடுத்த நாற்றுகள் அவை. வசந்தத்தில் இளஞ்சிவப்புப் பூவும் கோடையில் சிவப்புப் பழமுமாக அந்த வேலி இருந்த அழகைப் பார்க்க, ஞாயிறு வழிபாடு முடிந்து திரும்புகிறவர்கள் வண்டியை மெதுவாக ஓட்டுவார்கள். பழத்தைப் பறவைகள் தின்று எல்லார் காட்டிலும் எச்சமிட்டன. அறுபது வருடத்தில் ஒவ்வொருவர் ஓக் மரத்தடியிலும் அந்தப் புதர் மண்டி, வேறு ஒரு செடி முளைக்க விடாமல் செய்துவிட்டது. இப்போது அதே அலுவலகம் பிடுங்கச் சொல்கிறது. ஊரில் அதற்கு ஹனிசக்கிள் என்ற பெயரே போய், 'ட்வேட்டன் புதர்' என்றாகிவிட்டது. ஆர்டிஸுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் முதுகு இன்னும் நிமிர்ந்துகொள்ளும். பரப்பியது எங்கள் வீடு, அழிப்பதும் எங்கள் வீடுதான் என்று மூன்று வருடமாக அக்காவும் தம்பியும் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெட்டினால் மட்டும் சாகாது. மண்ணில் நிற்கும் அடிக்கட்டையில் உடனே களைக்கொல்லி பூச வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கோடையில் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். எதைப் பூசினோம், எதை விட்டோம் என்று தெரிவதற்காக மருந்தில் நீலச் சாயம் கலப்பார்கள். கோர்லிஸுக்கு அது பிடிக்கவில்லை. அவள் பூனை பகலெல்லாம் அந்த வேலியோரம்தான் சுற்றும். கணவன் போன பிறகு அந்த வீட்டில் அவளோடு மூச்சு விடுகிற உயிர் அது ஒன்றுதான். அக்டோபரில் தேவாலயத்து நிலவறையில் லூடஃபிஸ்க் என்ற நார்வே மீன் விருந்து நடந்தபோது, நாற்பது பேர் மீன் தட்டோடு உட்கார்ந்திருக்கையில், வெர்லின் எழுந்து நின்று சொன்னான்: பிரெக்கி பக்கம் ஒரு சொட்டு மருந்து விழாது, எல்லாம் கையால் தோண்டுவேன், இது ட்வேட்டன் சொல். அந்தப் பள்ளத்தாக்கில் ட்வேட்டன் சொல் என்றால் அதற்கு மேல் கையெழுத்துக் கேட்பதில்லை.

அன்று காலை எட்டு மணிக்கு ஆர்டிஸ் தம்பியின் கையுறைகளைப் பார்த்தாள். வலது கையில் மூன்று விரல்கள் நீலம். என்ன அது என்று கேட்டதற்கு, குறிபோடும் நீலச் சுண்ணாம்பு என்றான். அவள் மேலே கேட்கவில்லை. கொட்டகையில் மருந்து ஜாடி நேற்று இருந்த அளவுக்கு இல்லை என்பதையும் பார்த்தாள். அவனுக்குத் தோள்மூட்டு தேய்ந்துபோய் இரவில் தூக்கமில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். கண்ணில் பட்டது எதுவும் வாய்க்கு வராதபடி, டெல்மருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். 

பூனையை முதலில் பார்த்தவள் லவோன்.

அது செனட்டர் என்று பெயர் வைத்த பெரிய செம்பட்டைக் கடுவன். முந்தின நாள் வெட்டி அடுக்கிய தண்டுகளுக்குப் பக்கத்தில், ராத்திரி மழையில் நனைந்த புல்லில், மல்லாந்து கிடந்தது. வாயிலிருந்து எச்சில் கயிறு போல் வழிந்து கழுத்து மயிரெல்லாம் ஈரம். கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. பின்கால்கள் உதறிக்கொண்டிருந்தன.

டெல்மர் இயந்திரத்தை அணைத்தான். "செனட்டர் காலையிலேயே ஏத்திக்கிட்டாரு போல," என்றான். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்ததும் அவனும் சிரிப்பை விட்டான். பூனையின் மீசையிலும் தாடையிலும் நீலம்.

கோர்லிஸ் வீட்டுச் செருப்போடு வேலியைத் தாண்டி வந்தாள். அதற்குள் லவோன் கைபேசியில் டாக்டர் நைஸ்டூனைப் பிடித்துவிட்டாள். மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிற பெண். மலைக்கு அந்தப்புறம் ஒரு பால் பண்ணையில் இருந்தாள். வர இருபது நிமிடமாவது ஆகும். லவோன் எல்லாருக்கும் கேட்கும்படி கைபேசியைப் பிடித்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்," என்றது டாக்டரின் குரல். "அங்க களைக்கொல்லி பூசியிருக்கா, இல்லையா? பூசியிருந்தா நான் வர்ற வரைக்கும் நிக்காதீங்க. வாயையும் மூஞ்சியையும் உடனே கழுவணும், நக்க விடக் கூடாது. பூசலைன்னா அதைப் போட்டு வதைக்காதீங்க, போர்வையில சுத்திச் சும்மா வையுங்க."

எல்லாரும் வெர்லினைப் பார்த்தார்கள். கோர்லிஸ் பூனையை மடியில் போட்டு ஈரப் புல்லில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே தலை நிமிர்த்திக் கேட்டாள்.

"இல்லைன்னு சொல்லு வெர்லின். நீ சொன்னா நான் நம்பறேன்."

"இல்ல," என்றான் வெர்லின். "அது குறிபோட்ட சுண்ணாம்பு."

அவன் சொன்ன விதத்தில் ஆர்டிஸ் தன் அப்பாவின் குரலைக் கேட்டாள். அதே தாழ்ந்த குரல், அதே அவசரமில்லாத நிதானம். அந்தக் குரலை நம்பி இந்தப் பள்ளத்தாக்கில் ஆட்கள் மாடு வாங்கியிருக்கிறார்கள், பெண் கொடுத்திருக்கிறார்கள். கோர்லிஸ் தலையை அசைத்து, சுற்றுவதற்கு ஏதாவது கேட்டுக் கை நீட்டினாள். லவோன் தன் மேல்கோட்டைக் கழற்றத் தொடங்கினாள். பூனையின் நாக்கு வெளியே வந்து தாடையை ஒருமுறை நக்கியது.

ஆர்டிஸ் எண்ணிப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. நாற்பது பேர் மீன் தட்டோடு உட்கார்ந்திருந்ததை எண்ணினாள். பேசாமல் இருந்தால் பூனை ஒருவேளை தானே எழுந்துகொள்ளும், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம் என்றும் எண்ணினாள். தம்பி அவளைப் பார்க்காமல் டெல்மரின் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பூசியிருக்கு, டாக்டர்," என்றாள். "ஜாடி கொட்டகையில இருக்கு, கொண்டு வரேன். கோர்லிஸ், கழுவு. எங்க வீட்டு ஆள்தான் பூசினது."

"ஆர்டிஸ்," என்றான் வெர்லின்.

"நீ போய்த் தண்ணி கொண்டா."

அவன் நகரவில்லை. டெல்மர் தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கோர்லிஸிடம் கொடுத்தான். ஆர்டிஸ் கொட்டகைக்கு நடந்தாள். எழுபத்தொரு வயதில் ஓடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தாலும் பாதி தூரம் ஓடினாள். திரும்பும்போது ஓடவில்லை. ஜாடியை எல்லாரும் பார்க்கும்படி முன்னால் பிடித்துக்கொண்டு வந்தாள். அதில் எழுதியிருந்ததைக் கண்ணாடி இல்லாமல் கைபேசிக்குப் படித்துக் காட்டினாள். ஒரு வரியை இரண்டு தடவை படிக்கவேண்டியிருந்தது.

கோர்லிஸ் கழுவிக்கொண்டே இருந்தாள். வெர்லினைப் பார்க்கவில்லை. "எத்தனை கட்டை?" என்று மட்டும் கேட்டாள்.

"பதினொண்ணு," என்றான் அவன். "கையைத் தூக்க முடியல, கோர்லிஸ்."

"அதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் பூனையை வீட்டுக்குள்ள வெச்சிருப்பேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்."

டாக்டரின் வண்டி வரும்வரை கோர்லிஸ் கழுவுவதை நிறுத்தவில்லை.

டாக்டர் நைஸ்டூன் பூனையின் வாயைத் திறந்து பார்த்தாள், வயிற்றை அழுத்தினாள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். பிறகு எழுந்து, அடுக்கியிருந்த தண்டுகளில் தடிமனான ஒன்றை எடுத்து, அதன் நடுவில் கெட்டிப்பட்டிருந்த பழுப்பு நிற வைரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பூனையின் மூக்குக்கு முன்னால் வைத்தாள். செத்துக்கொண்டிருப்பதாக எல்லாரும் நினைத்த செனட்டர், கோர்லிஸின் மடியிலிருந்து துள்ளி விழுந்து, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கன்னத்தைத் தேய்த்தது. மறுபடி எச்சில் வடிந்தது.

இந்த மரத்தின் வைரம் சில பூனைகளுக்குச் சாராயம் மாதிரி என்று டாக்டர் விளக்கினாள். நனைந்தால் வாசனை இன்னும் ஏறும். சீவிப் பையில் போட்டுப் பூனைக்கென்று விற்கிறார்கள். எச்சிலும் உதறலும் அதனால்தான். நீலம் பட்டது, மருந்து பூசிய அடிக்கட்டையிலும் கன்னத்தைத் தேய்க்கப் போன இடத்தில்.

"அப்ப கழுவினது வேண்டாத வேலையா?" என்றாள் லவோன்.

"இல்ல. அதை நக்கி முழுங்கியிருந்தா வாய் வெந்திருக்கும், வயிறு கெட்டிருக்கும். எவ்வளவு உள்ள போச்சுன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு நாள் பாருங்க. வெட்டிப் போட்டதை எல்லாம் இங்கிருந்து எடுங்க."

அந்த இரண்டு நாளும் ஆர்டிஸ் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிறன்று தேவாலயத்தில் வழக்கமான மூன்றாவது வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் வெர்லின் உட்காரவில்லை, பின்னால் போய்விட்டான். திங்கள் மாலை கோர்லிஸ் வேலிக்கு அந்தப்புறமிருந்து, பூனை தின்றது, தூங்கியது, வாயில் புண் இல்லை என்று மூன்று செய்தி சொன்னாள். உள்ளே வரவில்லை. காப்பிக்கு அழைத்ததற்கு, இன்னொரு நாள் என்றாள்.

வெர்லின் அந்தப் பதினோரு கட்டைகளையும் மண் உறையும் முன்பு வேரோடு தோண்டி எடுத்தான். டெல்மர் டிராக்டரும் சங்கிலியும் கொண்டுவருவதாகச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டான். அக்காவோடு அவன் பேசியது, கிறிஸ்துமஸ் தாண்டித்தான்.

இப்போது உணவகத்திலும் தானியக் கிடங்கிலும் ஒரு பேச்சு நடமாடுகிறது. டாக்டர் வந்து பூனையின் வாயைத் திறந்து மருந்தைக் கண்டுபிடித்த பிறகுதான், வேறு வழியில்லாமல் ட்வேட்டன் வீட்டார் ஒப்புக்கொண்டார்கள் என்று. அது தவறு. ஆர்டிஸ் சொன்னபோது டாக்டரின் வண்டி பண்ணையை விட்டுக் கிளம்பவே இல்லை.